கூட்டுக்குச் சிறை, காயினுக்கு மண்டபமா?



மலேசிய நாட்டுச் சட்டம் ஒன்றின் தலைப்பிலேயே நம் தமிழ்ச்சொல் ஒன்று இடம்பெற்றிருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? பெருமைப்பட அவசரம் வேண்டா. அந்தச் சொல் 'கூட்டு'. அந்தச் சட்டம், 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். தோட்டத்து லயங்களில் நம் தாய்மார்கள் மாதந்தோறும் பத்தும் இருபதுமாகப் போட்டு எடுத்துக்கொண்டார்களே, அதே கூட்டுதான். சட்டத்தின் பொருள்விளக்கப் பகுதியில் கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹுவே, ஐரோப்பியர்களின் தொந்தீன் என எல்லாப் பெயர்களும் வரிசையாக நிற்கின்றன. பலர் ஒரு பொதுநிதியில் பணம் போட்டு, ஏலத்தாலோ குலுக்கலாலோ ஒருவர்பின் ஒருவராக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொழிலாக நடத்துவது குற்றம். இன்றைய தண்டனை, 5 இலட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும்.

இருபது பேர் போடும் கூட்டுக்கு இவ்வளவு அஞ்சுகிற நாட்டில், கிள்ளான் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்நூறு பேரை உட்காரவைத்துக் 'காயின்' விற்கிறார்கள். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். தமிழ் வாழ்த்து பாடுகிறார்கள். மேடையேறிப் பேசுபவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். "மாதம் பத்து விழுக்காடு உறுதி, நம் இனம் எத்தனை காலத்துக்குப் பின்தங்கிக் கிடப்பது?" என்று அவர் உருகிக் கேட்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் யார்? என்னுடைய மாணவர்களின் பெற்றோர். அவர்களை அழைத்து வந்தவர்கள்? வகுப்பறையில் எனக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துபவர்கள்!

இதனைக் கண்டும் காணாததுபோல் இருக்க என்னால் முடியவில்லை. ஆகவே, சிலருடைய மனம் நோகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு சொல். பிளாக்செயின் என்றதும் சிலர் அதனைப் பேய்போல் அஞ்சுகிறார்கள். சிலர் சாமிபோல் கும்பிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத் தலைவி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். யார் போட்டார், யார் எடுத்தார் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். அவர் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் கேட்பாரில்லை. இப்பொழுது அந்த நோட்டின் படி ஒன்று இருபது பேரிடமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு வரி எழுதினால் இருபது நோட்டிலும் அது ஏற வேண்டும். முந்தைய பக்கத்தின் முத்திரை அடுத்த பக்கத்தில் பதிந்திருக்கும். ஆகவே, நடுவில் ஒரு பக்கத்தை மாற்றினால் அதற்குப் பிந்திய பக்கங்கள் எல்லாம் பொருந்தாமல் போய்விடும். பிளாக்செயின் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2009 சனவரியில் தொடங்கிய பிட்காயின் இந்த ஏட்டின்மேல்தான் ஓடுகிறது.

நல்ல ஏடுதான், மறுக்கவில்லை. ஆனால், ஏடு காப்பாற்றுவது ஏட்டில் ஏறிய கணக்கை மட்டுமே. உங்கள் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைப்பேசித் திரையில் ஓர் எண்ணை மட்டும் காட்டுகிறவனிடமிருந்து எந்த ஏடும் உங்களைக் காப்பாற்றாது. நம் மண்டபங்களில் விற்கப்படும் 'காயின்'களில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் ஏறியவையல்ல என்பது என் ஐயம். பினாங்கில் எம்.பி.ஐ. என்ற நிறுவனம் இப்படித்தான் மெய்நிகர்ப் புள்ளிகளை விற்றது. புள்ளி ஏறிக்கொண்டே போகும், ஒருபொழுதும் இறங்காது என்று நம்பவைத்தார்கள். 2017-இல் அதிகாரிகள் சோதனையிட்டார்கள். அதனைத் தோற்றுவித்தவர் 2022-இல் தாய்லாந்தில் பிடிபட்டு, 2024 ஆகஸ்டில் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். ஏமாந்தவர்களுக்கு அவர்கள் போட்ட பணம் முழுமையாகத் திரும்புமா என்று கேட்காதீர்கள்.

"அரசாங்கம் நம்மை முன்னேற விடாது, அதனால்தான் இதற்குத் தடை போடுகிறது" என்பது மேடைப்பேச்சின் அடுத்த வரி. நம்மவர் நெஞ்சில் இந்த வரி எளிதில் தைத்துவிடுகிறது. ஏனென்று எனக்குப் புரிகிறது. பல துறைகளில் நாம் கதவடைப்பைக் கண்டவர்கள். ஆனால், இந்த இடத்தில் அது பச்சைப் பொய்.

நடந்தது என்ன? 2014 சனவரியில் பேங்க் நெகாரா, பிட்காயின் இந்நாட்டில் சட்டமுறைச் செலாவணி அன்று என அறிவித்தது. தடை என்று சொல்லவில்லை. 2018-இல், இலக்கமுறை நாணய மாற்று நிலையங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வாடிக்கையாளரை அடையாளங்கண்டு பதிய வேண்டும் என்ற விதி வந்தது. 2019 சனவரி 15-ஆம் நாள் நடப்புக்கு வந்த அமைச்சரின் ஆணை, நிபந்தனைக்குட்பட்ட இலக்கமுறை நாணயங்களையும் டோக்கன்களையும் பங்குப் பத்திரங்களாகவே கருத வேண்டும் என்றது. அன்றிலிருந்து இத்துறை, சுருஹான்ஜாயா செகுரித்தி எனப்படும் பங்குப் பத்திர ஆணையத்தின் கண்காணிப்புக்குள் வந்துவிட்டது. அதே ஆண்டில் லூனோ, சினெஜி, டோக்கனைஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கு நிபந்தனையோடு கூடிய பதிவும் வழங்கப்பட்டது. பிறகு இன்னும் சில சேர்ந்தன. ஆக, சட்டப்படி பிட்காயின் வாங்க விரும்பும் ஒரு மலேசியத் தமிழருக்கு 2019 முதல் வாசல் திறந்தே இருக்கிறது. மேடைப் பேச்சாளர் அந்த வாசல் வழியாகப் போகவில்லையென்றால், வாசலில் நிற்பவர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் விடையில்லை என்றுதானே பொருள்?

பெரிய பெயர்களுக்கும் இதே கேள்விதான். உலகின் ஆகப் பெரிய மாற்றுத்தளமான பைனான்ஸ், பதிவில்லாமல் இங்குச் செயல்பட்டதற்காக 2021 சூலையில் ஆணையத்தால் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் பைபிட் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. அவர்களையே கேட்ட சட்டம், கிள்ளான் மண்டபத்து அண்ணனைக் கேட்கக் கூடாதா?

நீதிமன்றமும் கைகட்டி நிற்கவில்லை. நமக்குப் பக்கத்தில், ஷா ஆலாமில் நடந்த வழக்கு இது. 2017-இல் லூனோ நிறுவனம் ஒரு வாடிக்கையாளருக்குத் தவறுதலாக 11.3 பிட்காயினைக் கூடுதலாக அனுப்பிவிட்டது. "பிட்காயின் பணமும் இல்லை, பொருளும் இல்லை, பிறகு எதைத் திருப்பிக் கொடுப்பது?" என்பதே அங்கு எழுந்த சிக்கல். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, தவறுதலாகக் கிடைத்த பணத்தையோ பொருளையோ திருப்பித் தர வேண்டும் என்கிறது. பிட்காயினுக்கு மதிப்பு உண்டு, ஆகவே அது அப்பிரிவுக்குள் அடங்கும் எனச் செசன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, உயர் நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. கணினியே இல்லாத காலத்துச் சட்டம் கணினி நாணயத்தைப் பிடித்துக்கொண்டது! 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும், வாசிர்எக்ஸ் மாற்றுத்தளத்தில் சிக்கிக்கொண்ட ஒருவரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே எனக் கூறியுள்ளது. சட்டமே இல்லாத காட்டில் நிற்கிறோம் என்று இனி யாரும் கதை சொல்ல முடியாது.

உரிமமின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கினால் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 137-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை, 5 கோடி வெள்ளி வரை அபராதம். உரிமமின்றிப் பங்குப் பத்திரத் தொழில் நடத்தினால் 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, 1 கோடி வெள்ளி வரை அபராதம். இவ்வளவும் இருக்கின்றன. பிறகேன் மண்டபம் நிரம்புகிறது?

நாம் நிரப்புகிறோம். ஆம், நாம்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றால் இன்றும் நம் சமூகத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது. "டீச்சரே சேர்ந்திருக்காங்க" என்ற ஒரு சொல்லுக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கும் தாய்மார்கள் உண்டு. அந்த மதிப்பு நமக்குத் தனிப்பட்ட முறையில் வந்ததன்று. நமக்கு முன்னே குறைந்த சம்பளத்தில், தகரக் கூரையின்கீழ் பாடம் சொன்ன ஆசிரியர்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. அதனைக் காயின்காரனுக்கு விளம்பரப் பலகையாக வாடகைக்கு விட நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? 1993-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் ஒழுங்குவிதிகள், துறைத் தலைவரின் எழுத்துவழி அனுமதியின்றி வெளித்தொழில் செய்யக்கூடாது என்கின்றன. ஆள் சேர்த்துத் தரகு வாங்குவது வெளித்தொழில் இல்லையாம்! "பகிர்தல்" என்கிறார்கள். வகுப்புப் புலனக் குழுவில் வீட்டுப்பாடத்துக்குக் கீழே காயின் விளம்பரம் வந்து விழுகிறது. பிள்ளையின் ஆசிரியர் அனுப்பியதை எந்தப் பெற்றோர் துணிந்து மறுப்பார்?

அதைவிட எனக்குத் தாளாதது, இவர்களில் கணித ஆசிரியர்களும் இருப்பதுதான். தொடக்கப்பள்ளி மேல்நிலை வகுப்புகளில் வட்டி, கூட்டுவட்டி, இலாப ஈவு எல்லாம் நாமே சொல்லிக் கொடுக்கிறோம். மாதம் பத்து விழுக்காடு என்பதைப் பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். 1,000 வெள்ளி ஓராண்டில் 3,138 வெள்ளி ஆகும். ஐந்தாண்டில் 3 இலட்சத்து 4 ஆயிரத்தைத் தாண்டும். எட்டாண்டில் ஏறத்தாழ 94 இலட்சம்! ஆறாம் ஆண்டு மாணவன் கணிப்பொறியில் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உண்மையா இருந்தா எல்லாரும் பணக்காரங்க ஆயிருப்பாங்களே?" என்பான். சட்டப்படி நடக்கும் அடகுக்கடை மாதத்திற்கு 2 விழுக்காட்டுக்குமேல் வட்டி வாங்க முடியாது; உரிமம் பெற்ற வட்டிக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்குமேல் வாங்க முடியாது. கடன் கொடுத்துப் பிழைப்பவர்களுக்கே இதுதான் உச்சம். இவன் மட்டும் உங்களுக்கு ஆண்டுக்கு 200 விழுக்காட்டுக்குமேல் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பான்? பின்னால் வருகிறவர் சட்டைப்பையிலிருந்துதான்.

ஏமாறுவது நமக்குப் புதிதும் அன்று. நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1980-களின் பிற்பகுதியில் தைப்பிங் வட்டாரத்தில் பாக் மான் தெலோ திட்டம் மலாய்க்காரக் குடும்பங்களைச் சுருட்டியது. 1986-இல் 24 வைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபொழுது ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது, பெரும்பாலோர் சீனர்கள். 2012 அக்டோபரில் ஜெனிவா தங்க நிறுவனம் சோதனைக்குள்ளானபொழுது அதில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் வெளிவந்த ஆருத்ரா மோசடியில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். நமக்கென்று ஒரு தனி நினைவும் உண்டு. 1982-இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்குமேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் பலர். அது உரிமமற்ற திட்டமன்று, முறையாகப் பதிந்த நிறுவனமே. ஆனாலும் 2010-இல் ஒரு பங்குக்கு 80 காசு என்று கையில் கிடைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. இனத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும்பொழுது கணக்குப் புத்தகத்தை இரட்டிப்பாகக் கேட்க வேண்டும் என்று அந்தத் தலைமுறை கற்றுக்கொண்டது. அதே 'இனம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகளிடம் மறுபடியும் வருகிறார்கள்.

இதற்கு நேர்மாறான நினைவும் நமக்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலைக்கு யார் பெயர்? துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பால்மரம் சீவியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியவர். அங்கே பதிவு இருந்தது, உறுப்பினர் கூட்டம் இருந்தது, ஆண்டறிக்கை இருந்தது. பணம் எங்கே என்று கேட்டால் இதோ மரம், இதோ நிலம் என்று காட்ட முடிந்தது. அவர் பெயர் தாங்கிய சாலையில் நின்றுகொண்டு கைப்பேசியில் காயின் விலை பார்க்கும் தம்பிகள் இதனைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டத்தை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறாயே, சட்டத்தில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம். நாளொன்றுக்குப் பத்து விழுக்காடு ஏறி இறங்கும் நாணயத்திற்குப் பதிவும் உரிமமும் கொடுக்க இந்நாட்டுச் சட்டத்திற்கு மனம் வந்தது. ஏறவும் இறங்கவும் தெரியாத கூட்டுக்கு இன்றளவும் வரவில்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். 1961-இலேயே சீட்டு நிதிக்குச் சட்டம் இயற்றினார்கள். 1982-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. பதிவு செய், பிணை வை, கணக்குக் காட்டு, பிறகு நடத்து என்பதே அங்கு முறை. தலைவி பணத்தோடு ஓடிவிட்டால் கேட்க ஓர் அலுவலகம் உண்டு. இங்கே கூட்டில் பணம் போனால் காவல் நிலையத்துக்குப் போகவே நம் பெண்கள் அஞ்சுகிறார்கள். தாமும் குற்றவாளியோ என்ற அச்சம். அந்த அச்சத்தில்தான் காயின்காரன் குளிர்காய்கிறான். "கூட்டு சட்டவிரோதம் அக்கா, இது டிஜிட்டல், இது சட்டப்படி" என்று கூசாமல் சொல்கிறான்! சிறு கூட்டுகளைப் பதிவுக்குள் கொண்டுவரும் திருத்தம் வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொங்கல் வாழ்த்துச் சொல்வதோடு நிற்காமல் இதனை அவையில் எழுப்பட்டும்.

இன்னொன்று மொழி. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் தத்தம் தளங்களில் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. நல்ல பணி. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மோசடிக்காரனோ வீட்டுவாசலில் வந்து, நல்ல தமிழில், "அம்மா" என்று அழைத்துப் பேசுகிறான். சட்டம் இணையத்தில் இருக்கிறது. குற்றம் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறது. அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை தமிழ் நாளேடுகளிலும் மின்னல் பண்பலையிலும் அறிவிக்க எவ்வளவு செலவாகும்?

பெற்றோர்களே, சில செய்திகளை மட்டும் உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நிறுவனப் பதிவுச் சான்றிதழ் என்று எஸ்.எஸ்.எம். தாளைக் காட்டுவார்கள். பெட்டிக்கடைக்கும் அந்தத் தாள் உண்டு. அது பணம் திரட்டும் உரிமம் ஆகாது. ஆணையத்தின் பதிவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கியில் போட்ட பணத்திற்கு ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை பி.ஐ.டி.எம். காப்பு உண்டு, கிரிப்டோவுக்கும் மின்பணப்பையில் இருக்கும் பணத்துக்கும் அந்தக் காப்பு இல்லை. பதிவு பெற்ற தளத்தில் வாங்கினாலும் விலை சரிந்தால் இழப்பு உங்களுடையதே. உரிமம் என்பது இலாபத்துக்கு உத்தரவாதமன்று. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் வந்திருக்கும் மூன்றாம் கணக்கை எப்பொழுது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே காயின்காரனுக்குத் தெரியும். "உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், மாதம் ஐந்நூறு வெள்ளி தருகிறோம்" என்று கேட்டால், கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் கேட்டாலும்கூட, உடனே மறுத்துவிடுங்கள். கணக்கை இரவல் கொடுப்பவரையே பிடிக்கும் புதிய பிரிவுகள் 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் 997 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். 2022 அக்டோபரில் அமைந்த தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. நேரம் கடந்தால் பணம் பத்துக் கணக்கு தாண்டிவிடும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வாசகத்தை இங்கேயே தருகிறேன். விரும்பும் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம்.

"பள்ளி மண்டபம், பள்ளி அறிவிப்புப் பலகை, வகுப்புப் புலனக் குழுக்கள் ஆகியவற்றில் எவ்வகை முதலீட்டுத் திட்டத்தையும் அறிமுகம் செய்யக் கூடாது. நன்கொடை தந்தவர் என்பதற்காக எவருக்கும் விலக்கு இல்லை. ஆசிரியர் எவரும் தம் மாணவரின் பெற்றோரை எத்திட்டத்திலும் உறுப்பினராகச் சேர்க்கக் கூடாது."

இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். புதிய கணினி அறைக்கான நன்கொடையைத் தருவதாகச் சொன்னவர் யார் என்பது எங்கள் செயற்குழுவுக்குத் தெரியும். மாற்றுக்கருத்து உள்ள ஆசிரிய நண்பர்கள் தாராளமாக எழுதலாம். பெயரோடு எழுதுங்கள், மறுமொழி தருகிறேன்.